விட்ட குஞ்சும் திரும்பிய மீனும்

காலை ஆறரை மணி இருக்கும். வண்டியிலிருந்து இறக்கிய பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கரையோரத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். விட்ட கட்லா மீன்குஞ்சுகள் ஆழத்துக்குப் போகவில்லை. என் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு அடி நகர்ந்தேன், கூட்டமும் நகர்ந்தது. என் நிழல் எங்கே விழுந்ததோ அங்கே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பண்ணையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட வருகிற ஆளின் நிழல் அப்படித்தான் விழும் என்று அவற்றுக்குப் பழகிப்போயிருந்தது. கால் மணி நேரத்தில் முதல் நீர்க்காகம் வந்து இறங்கியது. அதன் பின்னால் ஒன்பது, பத்து. நாங்கள் கல்லெறிந்தோம், தகரம் தட்டினோம். குஞ்சுகள் மட்டும் கரையை விட்டு விலகவே இல்லை.

அன்று பதிவேட்டில் ஐம்பதாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்டபோதே மனம் உறுத்தியது.

காவிரிப் படுகையில், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு நீர்த்தேக்கம் எங்களுடையது. அப்பா பரிசலில் போய் ரங்கூன் வலை விட்டவர். நான் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் மீன்குஞ்சு வாங்கி நீர்த்தேக்கத்தில் விடுகிற பொறுப்பை இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்க்கிறேன். அந்த ஐம்பதாயிரம் குஞ்சு விட்ட மறு வருடம், எங்கள் பரிசல்களுக்குக் கட்லா அரிதாகத்தான் கிடைத்தது. வலை நிறைய ஜிலேபி மீன்தான். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "விட்டது எத்தனை என்று ஊருக்கே சொல்கிறாய். வந்தது எத்தனை என்று சொல்லப்பா." என்னிடம் பதில் இல்லை. வந்ததை எழுத எங்கள் சங்கத்தில் பதிவேடே இல்லை. மொத்தம் எத்தனை கிலோ என்று எடை போட்டோம், பணத்தைப் பிரித்தோம், அவ்வளவுதான். எந்த மீன், எந்த அளவு, எந்த மாதம் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பில், நார்வே நாட்டுக் கதை ஒன்றைக் கேட்டேன். 1880-களில் ஃப்ளோடெவிகன் என்ற இடத்தில் டானெவிக் என்ற கப்பல் தலைவர் ஒரு பொரிப்பகம் கட்டி, காட் என்ற கடல் மீனின் முட்டைகளைப் பொரிக்கவைத்து, மஞ்சள் கரு இன்னும் வயிற்றில் ஒட்டியிருக்கும் பருவத்திலேயே கோடிக்கணக்கில் கடலில் விட்டார். அந்த வேலை 1971 வரை நடந்தது. அதனால் கடலில் காட் மீன் கூடியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய தொண்ணூறு வருடங்கள்! அவ்வளவு நேர்மையான உழைப்பு, அவ்வளவு நம்பிக்கை. வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்பாவின் கேள்விதான் காதில் விழுந்தது.

எங்கள் பக்கத்திலேயே இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று இருக்கிறது. பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாறு நீர்த்தேக்கம், சுமார் 650 ஹெக்டேர். ஒரு காலத்தில் அங்கே ஹெக்டேருக்கு 500 முதல் 2,500 வரை, கிடைத்த அளவில், கிடைத்த இனத்தில் குஞ்சு விட்டார்கள். 1964-65-இல் கிடைத்த விளைச்சல் ஹெக்டேருக்கு இரண்டு கிலோகூட இல்லை, 1.67 கிலோ. 1980-களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஹெக்டேருக்கு 235 முதல் 300 குஞ்சுகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே நாளில் கொட்டாமல் பல தவணைகளாக விட்டார்கள். வலைக் கண்ணியின் அளவைக் கட்டுப்படுத்தி, ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகளைப் பிடிக்கத் தடை போட்டார்கள். 1990-இல் விளைச்சல் ஹெக்டேருக்கு 194 கிலோ. முன்பு விட்டதில் சில நேரம் பத்தில் ஒரு பங்குதான் விட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இதை முதன்முதலில் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. குஞ்சைக் குறைத்தால் மீன் எப்படிக் கூடும் என்று சண்டைக்கு வந்தார்கள்.

காரணம் எளிது. நீர்த்தேக்கத்தில் வாளையும் விராலும் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கின்றன. பொரித்த மூன்று நான்கு நாளில் நுண்மீன் குஞ்சு ஒரு அரிசிமணி நீளம்தான். நாற்றங்கால் குளத்தில் இரண்டு மூன்று வாரம் இருந்தால் ஓர் அங்குலம். அதற்கு மேல் இரண்டு மூன்று மாதம் வளர்ப்புக் குளத்தில் இருந்தால்தான் நாலங்குல விரலி. ஓரங்குலக் குஞ்சைப் பெரிய நீர்த்தேக்கத்தில் விடுவது வாளைக்கு இரை போடுவதுதான். ஆனால் ஓரங்குலக் குஞ்சு மலிவு. ஒரே பணத்துக்கு எண்ணிக்கை அதிகம் கிடைக்கும், பதிவேட்டில் அழகாக இருக்கும். இந்த அழகுக்கு நாங்கள் பல வருடங்கள் பணம் கொட்டினோம்.

விரலி வாங்கப் பணம் போதாத வருடங்களில் நாங்களே ஓரங்குலக் குஞ்சை வாங்கி நீர்த்தேக்கத்திலேயே வளர்த்துப் பார்த்தோம். முதலில் ஒரு ஓடை முகத்தில் மூங்கில் நட்டுத் தடுப்பு வலை கட்டினோம். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்ததும் மட்டம் சரசரவென்று இறங்கி, வலைக்குள் சேறு மட்டும் மிஞ்சியது. இரவெல்லாம் வாளியில் அள்ளி அள்ளி வெளியே விட்டோம், முக்கால்வாசி போய்விட்டது. மறு வருடத்திலிருந்து மிதவைக் கூண்டு. தண்ணீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். வாரம் ஒருமுறை வலையில் படியும் பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் ஓட்டமில்லாமல் குஞ்சு மூச்சு முட்டும். கூண்டில் இரண்டு மாதம் இருந்த குஞ்சுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அந்தத் தண்ணீரின் சூடு, குளிர், மிதவை உயிரிகள் எல்லாம் அதற்குப் பழகிவிடுகின்றன. கடைசிப் பத்து நாள்களில் தீவனத்தைப் படிப்படியாகக் குறைத்து, தீவனம் போடுகிற நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்போம். கூண்டு வலையை இறக்கிவிட்ட அன்று குஞ்சுகள் ஆளைத் தேடி வரவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் ஆழத்துக்குப் போய்விட்டன. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியாது.

குஞ்சு வாங்குவதிலும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது நிறைய. பண்ணையில் ஹாப்பா என்கிற பெட்டி போன்ற வலையின் ஒரு மூலைக்குக் குஞ்சுகளை ஒதுக்கி, துளையிட்ட கிண்ணத்தால் மொண்டு மொண்டு எண்ணுவார்கள். முதல் கிண்ணத்தில் எத்தனை என்று எண்ணி, அதை மொத்தக் கிண்ணங்களால் பெருக்குவது கணக்கு. முதல் கிண்ணத்தை அழுத்தி மொண்டு, பிறகு வருவதைத் தளர்வாக மொண்டால் கணக்கில் பத்தாயிரம், பையில் ஏழாயிரம். ஒரு பண்ணையில் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. இப்போது தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று கிண்ணங்களை நானே தேர்ந்தெடுத்து, வெள்ளைப் பேசினில் கொட்டி எண்ணுகிறேன். எண்ணும்போதே இனம் பிரித்துப் பார்க்கிறேன். கட்லாவும் ரோகுவும் ஒரே தொட்டியில் சினை விட்டால் கலப்புக் குஞ்சு வந்துவிடும். தலை ரோகு போலச் சிறியதாகவும் உடல் கட்லா போல அகன்றும் இருக்கும் அதை வளர்ந்த பிறகு எளிதாக அடையாளம் காணலாம், குஞ்சில் கண்டுபிடிப்பது கடினம். அதனால் தாய்மீன்களை எப்படிப் பிரித்து வைக்கிறார்கள், எத்தனை வருடமாக அதே மீன்களை வைத்திருக்கிறார்கள் என்று கேட்பேன். பதில் சொல்லத் தயங்குகிற பண்ணைக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை.

பேசினில் இருக்கும்போதே இன்னொரு சோதனையும் செய்யலாம். தண்ணீரைக் கையால் வட்டமாகச் சுழற்றிவிடுங்கள். நல்ல குஞ்சு ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். சோர்ந்த குஞ்சு சுழலோடு சேர்ந்து நடுவில் போய்க் குவியும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் நான் ஒரு பையும் கட்டவிடுவதில்லை.

பை கட்டுவதற்கு முந்தைய நாளே தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்த குஞ்சு பைக்குள் கழிவு விட்டுத் தண்ணீரைக் கெடுத்துத் தன்னையும் கொன்று பக்கத்திலிருப்பதையும் கொல்லும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். பயணம் இரவில்தான். ஒருமுறை வழியில் டயர் வெடித்து, விடியற்காலை வர வேண்டிய வண்டி உச்சி வெயிலில் வந்தது. குஞ்சுகள் செத்துப்போகுமே என்ற பதற்றத்தில் பையை அறுத்து அப்படியே நீர்த்தேக்கத்தில் கொட்டச் சொன்னேன். பையின் தண்ணீர் வெந்நீர் போல இருந்தது, நீர்த்தேக்கத்துத் தண்ணீர் குளிர்ந்திருந்தது. பாதிக் குஞ்சுகள் வயிற்றைக் காட்டிப் புரண்டன. வண்டி தாமதமானதற்கு யாரும் பொறுப்பில்லை. கொட்டச் சொன்னது நான். பொறுமையாகப் பைகளை நிழலில், கரையோரத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இருபது நிமிடம் கழித்து வாயைத் திறந்து, நீர்த்தேக்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டிருந்தால் அவற்றில் பெரும்பகுதி பிழைத்திருக்கும். குஞ்சு தானாக நீந்தி வெளியேற வேண்டும். நாம் கவிழ்க்கக் கூடாது.

இடமும் நேரமும் அதே அளவு முக்கியம். உபரி நீர் வழிந்து முடிவதற்கு முன் விட்டால் குஞ்சு ஷட்டர் வழியாக ஆற்றோடு போகும். மதகுக்கு அருகில் விட்டால் வாய்க்காலில் போய் வயலில் கிடக்கும். குஞ்சு விடும் விழாவுக்கு வருகிறவர்களுக்கு வசதி என்று அணைக்கட்டின் மேலிருந்து விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற வழக்கம். நாங்கள் இப்போது மேல்பகுதியில், ஓடைகள் வந்து சேரும் வளைவுகளில், முள்மரங்கள் மூழ்கி நிற்கிற இடங்களில், பரிசலில் கொண்டுபோய்ப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் பிரித்து விடுகிறோம். அந்தி சாயும் நேரத்தில் விட்டால் நீர்க்காகங்கள் அடையப் போயிருக்கும். இரவு முழுவதும் குஞ்சுக்கு ஒளிய இடம் தேட அவகாசம் கிடைக்கிறது.

அப்பாவின் கேள்விக்கு ஒரு தவணையிலாவது சரியான பதில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று, கூண்டில் வளர்த்த ஐந்நூறு விரலிகளுக்கு இடது இடுப்புத் துடுப்பைச் சிறு கத்தரிக்கோலால் அடியோடு ஒட்டி நறுக்கினோம். ஈரத் துணியில் பிடித்து, ஒரு வெட்டு, உடனே தண்ணீரில். நான்கு பேர், ஒரு முழுப் பகல். மீனவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். மறு வருடம் தை மாதத்தில் ஒரு மாலை, கரையில் மீன் அரிகிற அக்கா கூப்பிட்டார். "தம்பி, இந்த மீனுக்கு ஒரு பக்கத் துடுப்பு கோணலாக இருக்கிறது, பார்." ஒன்றரைக் கிலோ கட்லா. நறுக்கிய துடுப்பு பாதி வளர்ந்திருந்தது. ஆனால் அதன் கதிர்கள் நேராக இல்லாமல், கசங்கிய பனையோலை போல நெளிந்திருந்தன. அந்த மீனை அரிவாள்மனையில் வைக்காமல் கையில் வாங்கிக்கொண்டு சங்கக் கட்டடம் வரை நடந்தேன். அந்தப் பருவம் முடிவதற்குள் அப்படி நாற்பதுக்கு மேல் வந்தன. பார்க்காமல் விற்றுப்போனவை எத்தனையோ! அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் இரண்டு பதிவேடுகள். ஒன்றில் விட்டது, இன்னொன்றில் வந்தது. இனம், நீளம், எடை, தேதி.

குஞ்சு விடுவதில் எவ்வளவு கவனம் வைத்தாலும் வலையில் கவனம் இல்லையென்றால் எல்லாம் வீண். கால் கிலோ கட்லா நான்கு மாதம் பொறுத்தால் ஒரு கிலோவைத் தாண்டும் என்று பரிசலில் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் நான்கு மாதம் பொறுக்காது. ஒரு கிலோவுக்குக் கீழே பிடிப்பதில்லை என்று தீர்மானம் போட்டது ஆண்கள்தான். அதைக் காப்பாற்றியது மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்கிற பெண்கள். என் அம்மாவும் அவரோடு நான்கு பேரும் சின்ன கட்லாவைக் கொண்டுவந்தால் வாங்க மாட்டோம் என்று கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு வாரம் பெரும் சண்டை. அண்ணன் தம்பிகளே பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் சிறு கண்ணி வலைகள் பரணுக்கு ஏறின. எத்தனை சுற்றறிக்கை வந்தும் நடக்காதது அது. சங்கத்திலிருந்து வட்டியில்லாமல் கைமாற்றுப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்த பிறகுதான் அது நிலைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது நீர்த்தேக்கத்துக்கு. ஆற்றுக்கு இதே கணக்கைக் கொண்டுபோகாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். ஒரு காலத்தில் வடக்கே ஆறுகளில் அள்ளிய குஞ்சுகளை ரயிலில் கொண்டுவந்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அவருடைய குழுவினரும் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டைகளைச் சினைவிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதன் பிறகு பொரிப்பகங்கள் பெருகின, எங்கும் இந்த மூன்று மீன்கள். மனிதன் கட்டிய நீர்த்தேக்கத்தில், ஒவ்வொரு வருடமும் விட்டு, ஒவ்வொரு வருடமும் பிடிப்பதற்கு அவை நல்ல மீன்கள். எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் காவிரிக்கென்று சொந்த மீன்கள் இருக்கின்றன. ஆடியில் புதுத்தண்ணீர் வந்ததும் சேல் கெண்டைகள் ஓடைகளில் எதிரேறுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். முழங்கால் தண்ணீரில் முதுகு தெரிய, ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். நாங்கள் கூடையைக் கவிழ்த்துப் பிடித்தோம், சினையைப் பொரித்துத் தின்றோம். ஒரு தாய்மீன் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை. அந்த ஒரு மாதம் ஓடை முகத்தில் வலை கட்டாமல் இருந்திருந்தால், பின்னால் எத்தனை பைக் குஞ்சு வாங்க வேண்டியிருந்திருக்காது!

தவறான மீனை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜிலேபி ஒரு சாட்சி. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த அந்த மொசாம்பிக் திலேப்பியாவைத் திரும்ப அனுப்ப இன்றுவரை வழியில்லை. அதைவிட என்னை உலுக்கியது காவிரி மஹ்சீரின் கதை. முதுகு திமில் போல் எழும்பி, துடுப்பு ஆரஞ்சு நிறத்தில், 50 கிலோவுக்கு மேல் வளரும் மீன் அது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1976 முதல், மஹாராஷ்டிராவில் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீரைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். மஹ்சீரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடுதான் விட்டார்கள். அது கிருஷ்ணா படுகையின் மீன். தூண்டில்காரர்கள் வருடக்கணக்கில் எழுதி வைத்த பதிவேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, நீலத்துடுப்பு மீன் பெருகப் பெருகத் திமில் மஹ்சீர் மறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. அணைகள், மணல் கொள்ளை, வெடிவைத்து மீன் பிடித்தல் என்று ஏற்கெனவே பல அடிகள் வாங்கிய மீனுக்கு இதுவும் சேர்ந்தது. தோர் ரெமதேவியை என்ற அறிவியல் பெயர் அதற்குத்தான் உரியது என்று உறுதியானதே 2018-இல்; அதே வருடம் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. வந்ததை எழுதி வைத்த அந்தத் தூண்டில்காரர்கள் இல்லையென்றால் இந்த இழப்பே வெளியே தெரிந்திருக்காது.

2020-இல் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்த பிறகு ஆறுகளில் குஞ்சு விடுவது நாடெங்கும் நடக்கிறது. தமிழ்நாட்டில் சேல் கெண்டை, கல்பாசு போன்ற நாட்டின மீன்களை ஆறுகளில் விடுவது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. கூடவே ஒரு கேள்வியையும் எல்லா இடத்திலும் கேட்கிறேன்: இதன் தாய்மீன் எந்த ஆற்றில் பிடித்தது? காவிரியில் விடுகிற சேல் காவிரித் தாயின் பிள்ளையாக இருக்க வேண்டும். பத்துத் தாய்மீன்களிலிருந்து எடுத்த ஒரு லட்சம் குஞ்சைவிட, நூறு தாய்மீன்களிலிருந்து எடுத்த இருபதாயிரம் குஞ்சு ஆற்றுக்கு நல்லது. சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகிச் சுருங்கிப்போவது மீனுக்கும் நேரும்.

சென்ற ஆடியில் எங்கள் ஓடை முகத்தில் நாற்பத்தைந்து நாள் வலை கட்டவில்லை. இரவில் முறை வைத்துக் காவல் இருந்தோம். சினை முற்றிய சேல்களில் சிலவற்றை மட்டும் உயிரோடு பிடித்துப் பொரிப்பகத்துக்குக் கொடுத்தோம். சினை விட்டதும் அந்தத் தாய்மீன்களைத் திரும்ப வாங்கிவந்து அதே ஓடையில் விட வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. குஞ்சுகள் இப்போது கூண்டில் மூன்றங்குலம் இருக்கின்றன. அடுத்த அமாவாசைக்குள் நாலங்குலத்தை எட்டும். வலது இடுப்புத் துடுப்பை நறுக்க நான்கு கத்தரிக்கோல் வாங்கி வைத்திருக்கிறேன். பரிசல் ஓட்டுகிற பிள்ளைகளில் இரண்டு பேர் பதிவேடு எழுதப் பழகிவிட்டார்கள்.